வானத்துச் சாட்சியை விசாரிப்பவர் யார்?

2018 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 14 ஆம் நாள் இத்தாலி நாட்டின் ஜெனோவா நகரிலே மொராண்டி பாலம் இடிந்து வீழ்ந்தது. 43 உயிர்கள் பலியாயின. 1967 இல் திறக்கப்பெற்ற அப்பாலத்தைத் தாங்கிய உருக்கு வடங்கள் கொங்கிறீற்றினுள்ளே பொதியப்பட்டிருந்தன. அவற்றைத் துரு அரித்தது. அரிப்பின் அபாயத்தை அப்பாலத்தை அமைத்த மொராண்டியே 1979 இல் எடுத்துரைத்திருந்தார். எச்சரிக்கை இருந்தது, செயல்தான் இருக்கவில்லை.

பாலம் வீழ்ந்த பின்னரே, செய்மதிகள் முன்னர் எடுத்துவைத்த ராடர்ப் படங்களை ஆய்வாளர் புரட்டினர். ஏறத்தாழ 700 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வரும் ராடர் அலை கட்டடத்திற் பட்டுத் திரும்புகின்றது. ஒவ்வொரு சுற்றிலும் திரும்பும் அலைகளை ஒப்புநோக்கின், சில மில்லிமீற்றர் அசைவும் புலனாகும். முன்னறிகுறி தென்பட்டதென 2019 இல் ஒரு சாரார் எழுதினர். போதிய சான்றில்லையென 2020 இல் மற்றொரு சாரார் மறுத்தனர்.

இவ்வழக்கில் எவர் வென்றாலென்ன? மாண்டவர் மீளார். உள்ளே அரிக்கும் துருவைச் செய்மதி காணாது. அது ஒரு சாட்சி மாத்திரமே. பொறியியலாளர் நேரிற் சென்று சோதித்தே தீரவேண்டும். ஆயினும், எங்கே முதலிற் சோதிப்பது என்பதை அச்சாட்சி சுட்டிக்காட்ட வல்லது. சாட்சியை அழைக்காத நீதிமன்றம் நீதி வழங்குமா?

ஐரோப்பிய ஒன்றியம் நில அசைவு பற்றிய அளவீடுகளை 2022 முதல் யாவரும் பார்வையிட வெளியிடுகின்றது. அதற்கு ஆதாரமான சென்ரினல் செய்மதியின் படங்களோ நமது தீவையும் உள்ளடக்கியவை, விலையின்றிக் கிடைப்பவை. 1985 இல் திறக்கப்பெற்ற, 122 மீற்றர் உயரமான விக்டோரியா கொங்கிறீற்று அணையின் கீழே வாழும் உழவனுக்கு அவ்வணையின் நிலையை அறியும் உரிமை இல்லையா?

நாம் கோருவன மூன்று. பேரணைகளையும் பெரும் பாலங்களையும் செய்மதி கொண்டு காலந்தவறாது அளத்தல் வேண்டும். அளவீடுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வைத்தல் வேண்டும். ஐயத்துக்குரிய அசைவு காணப்படின், பொறுப்பான அதிகாரி குறித்த நாட்களுள் எழுத்து மூலம் பதிலளிக்கச் சட்டம் கட்டாயப்படுத்தல் வேண்டும்.

கருவி வானத்தில் உண்டு. கடமையை மண்ணிலே சட்டமாக்குவோம்.