உழைப்பு திறக்காத கதவுகள்

நடிகர் ஆஷ்டன் குட்சர், 2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் டீன் சாய்ஸ் விருது மேடையில், வாய்ப்பு கடின உழைப்பின் வடிவிலேயே வருகிறது என்று பேசினார். பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தன்னம்பிக்கைப் பாடமாகச் சுற்றிவரும் அப்பேச்சிலிருந்து, அவரது நடிப்பு, தொழில்நுட்ப முதலீடு, சமூகப்பணி ஆகிய மூன்றையும் உயர்த்தியது ஒரே உழைப்பும் ஒரே கூர்மதியுமே என்னும் கருத்து கிளைத்து, மறுக்கவியலாத உண்மைபோல் வழங்குகிறது. அது தவறு.

அயோவா மாநிலத்தில் தந்தையோடு கூரை வேலைக்குச் சரக்குச் சுமந்ததையும் உணவகத்தில் பாத்திரம் கழுவியதையும் அவர் சான்றாகக் காட்டினார். அவ்வேலைகளைச் செய்த எத்தனையோ பேர் அங்கேயே இருக்க, 1998இல் 'தட் 70ஸ் ஷோ' தொடர் அவரைத் தேர்ந்ததற்கு உழைப்பு மட்டும் விடையாகாது.

துணிகர முதலீடு என்பது, பங்குச்சந்தைக்கு வராத இளம் நிறுவனங்களின் பங்கை வாங்கி, அவற்றுள் சில வளர்ந்தால் ஆதாயம் பெறும் தொழிலாகும்; பணமிருப்பவர் எல்லோரும் அங்கே நுழைய முடியாது, நிறுவனர் அனுமதிப்பவரே நுழையலாம். 2009 ஏப்ரலில் ட்விட்டரில் பத்து லட்சம் பின்தொடர்வோரை முதலில் எட்டியவருக்கு, பெயர் பரவ வேண்டிய நிறுவனங்கள் இடமளித்ததில் வியப்பில்லை. மடோனாவின் மேலாளர் கை ஒசேரியும் பெருஞ்செல்வர் ரான் பர்க்கிளும் கூட்டாளிகளாக இருந்த அவரது ஏ-கிரேட் நிறுவனம் ஊபரிலும் ஏர்பிஎன்பியிலும் பங்கு பெற்றது இத்தகைய செல்வாக்கால்தான்.

சமூகப்பணி பற்றிய மூன்றாவது கூற்றே மிகத் தீங்கானது. குழந்தைகள்மீதான பாலியல் சுரண்டலை எதிர்க்க 2009இல் அப்போதைய மனைவி டெமி மூருடன் அவர் தொடங்கிய அமைப்பு, பின்னாளில் தார்ன் எனப் பெயர் பெற்றது. 2011இல் அவ்வமைப்பின் பரப்புரை, அமெரிக்காவில் ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் சிறார் பாலியல் வணிகத்தில் சிக்கியிருப்பதாகக் கூறியது. இவ்வெண்ணின் மூலம், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எஸ்டஸ், நீல் வைனர் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் மதிப்பிட்டது சிக்கியவர்களை அன்று. சிக்கும் அபாயத்தில் இருப்பவர்களை. வீட்டை விட்டு ஓடியவர்கள், வீடற்றவர்கள் ஆகியோரோடு, எல்லை ஊர்களில் வாழ்ந்து, சொந்த வாகனத்தில் மெக்சிகோவுக்கோ கனடாவுக்கோ சென்றுவரும் இளைஞர்களும் அக்கணக்கில் சேர்ந்தனர். ஒரே சிறுமி இரண்டு மூன்று பிரிவுகளில் எண்ணப்பட்டிருக்கவும் இடமுண்டு. இதனை எடுத்துக்காட்டிய வில்லேஜ் வாய்ஸ் வார இதழின் குழுமம் பாலியல் விளம்பரங்களால் ஈட்டியது என்பது உண்மையே. ஆயினும் ஆய்வறிக்கை எவரும் திறந்து படிக்கக்கூடியது. குட்சரோ ட்விட்டரில் அவ்விதழின் விளம்பரதாரர்களை நோக்கிக் கேள்வி எழுப்பினார்.

2023இல், பாலியல் வன்புணர்வுக் குற்றத்தில் தண்டனைக்குள்ளான சக நடிகர் ஒருவருக்காக நீதிபதிக்கு எழுதிய கடிதம் வெளியானபின் அவர் தார்ன் தலைமையிலிருந்து விலகினார். அக்கடிதம் இல்லாவிட்டாலும் இவ்வாதம் மாறாது. பெருக்கிய எண், பிரச்சினை முழுவதும் இணையத்தில் ஒளிந்திருப்பதாகவும் தார்ன் போன்ற அமைப்புகளின் மென்பொருளால் தேடிப் பிடிக்கக்கூடியதாகவும் மக்களை நம்பவைக்கிறது. வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பதினைந்து வயதுச் சிறுமிக்கோ அன்றிரவே படுக்கையும், மறுநாள் அவளுக்காகப் பேச ஒரு சமூகப் பணியாளரும் வேண்டும். அந்தச் செலவை ஏற்க வேண்டியவை நகராட்சியும் மாநில அரசுமே.