புல்வாய்க்குக் கோடையில் என்ன சாப்பாடு?

ஜலகண்டாபுரம், மேச்சேரி வட்டாரத்தில் ஆடு வளர்ப்பவர்களிடம் ‘உங்க ஆடு என்ன தின்னும்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘எந்த மாசத்துல?’ என்று திருப்பிக் கேட்பார்கள். மழை பெய்தால் பச்சைப்புல். நிலக்கடலை பிடுங்கினால் கடலைக்கொடி. கதிர் அறுத்த பிறகு சோளத்தட்டு. சித்திரை வெயிலில் புல்லெல்லாம் கருகிவிட்டால் வேப்பந்தழை, வேலங்காய். ஆட்டின் ஆண்டுக் கணக்கு அவர்களுக்கு அத்துப்படி.

வீட்டு ஆட்டுக்கு மேய்ப்பவர் இருக்கிறார். வெட்டவெளியில் தானாக மேயும் காட்டு விலங்கின் கணக்கை யாரிடம் கேட்பது?

வெளிமானை எடுத்துக்கொள்வோம். திருகுமான், இரலை என்றும் அழைப்பார்கள். இதற்குப் ‘புல்வாய்’ என்றும் ஒரு பழைய பெயர் உண்டு. தொல்காப்பிய மரபியலிலேயே அந்தப் பெயர் வருகிறது. பெயரில்தான் மான். உறவுமுறையில் இது ஆடு, மாடு குடும்பம். புள்ளிமானின் கொம்பு கிளைவிடும். விழுந்து மறுபடி முளைக்கும். வெளிமான் கிடாயின் முறுக்கிய கொம்போ ஆட்டுக்கொம்பு போலக் கடைசிவரை உதிராது. அந்த வகையில் நம் மேச்சேரி ஆட்டுக்கு இது தூரத்துச் சொந்தம்.

தமிழ்நாட்டில் இவை வாழும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1967-ல் இவற்றுக்காகவே சரணாலயமான கோடியக்கரை, தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடு, சென்னை கிண்டி, சத்தியமங்கலம் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

இவை எந்தப் பருவத்தில் எதைத் தின்கின்றன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தொலைநோக்கியும் நோட்டுமாக நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பது ஒரு வழி. இன்னொரு வழி, புழுக்கை பொறுக்குவது! புல், இலைகளின் மேல்தோல் முழுதாகச் செரிக்காது. செடிக்குச் செடி அந்தத் தோலின் செல் அமைப்பு வேறுபடும். புழுக்கையைக் கரைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், நேற்று என்ன மேய்ந்தது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது வழி கார்பன் கணக்கு. வெப்பநாட்டுப் புற்கள், சோளம், கம்பு, கரும்பு எல்லாம் காற்றிலுள்ள கார்பனை ஒரு விதமாகப் பிடிக்கின்றன. மரங்களும் பெரும்பாலான செடிகளும் வேறு விதம். புழுக்கையில் அந்தக் கார்பன் எந்த விகிதத்தில் இருக்கிறது என்று அளந்தால், தின்றதில் புல் எவ்வளவு, தழை எவ்வளவு என்று பிரித்துவிடலாம். இப்போது மரபணுச் சோதனையும் வந்துவிட்டது. கென்யாவில் 7 தாவர உண்ணிகளின் சாணத்தை அப்படிச் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே இடத்தில் மேய்ந்தாலும் ஒவ்வோர் இனத்தின் தட்டிலும் இருந்த செடிகள் வேறு வேறு!

ஆப்பிரிக்கச் சவன்னாவின் இம்பாலா மான் மழைக்காலத்தில் புல் மேயும்; வறட்சி வந்தால் தழைக்கும் காய்க்கும் மாறிவிடும். காரணம் எளிது. புல் காயக்காய அதில் புரதம் குறைகிறது. சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே போனால், இரைப்பையில் இருந்து செரிக்க உதவும் நுண்ணுயிர்களே சோர்ந்துவிடும். வயிறு நிறைந்திருந்தும் உடம்பு இளைக்கும். அந்த நேரத்தில் கைகொடுப்பது ஆழமாக வேர்விட்ட மரத்தின் தழையும் காயும்தான்.

நம் வெளிமானும் அப்படித்தான். குஜராத்தில் பாவ்நகர் அருகே வேளாவதர் தேசியப் பூங்கா இருக்கிறது. 34 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி புல்வெளி. அங்கே விஞ்ஞானி யாத்வேந்திரதேவ் ஜாலா வெளிமான்களின் பருவகால உணவை ஆராய்ந்து 1997-ல் எழுதினார். மழைக்காலத்தில் அவை பெயருக்கேற்ற புல்வாய்கள். புல் காய்ந்த மாதங்களில் அவற்றைத் தாங்கிய உணவுகளில் முக்கியமான ஒன்று எது தெரியுமா? நாம் திட்டித் தீர்க்கும் சீமைக்கருவேலத்தின் காய்!

‘அப்படியானால் சீமைக்கருவேலம் நல்லதுதானே?’ என்று அவசரப்பட வேண்டாம். காயின் சதை செரித்துவிடும். விதைகளில் பல அப்படியே புழுக்கையோடு வெளியே வந்து முளைக்கும். நம் ஏரிகளில் ஆடுமாடுகள் இந்த மரத்தைப் பரப்பியதும் இதே வழியில்தான். கோடையில் பசியாற்றிய காய், சில ஆண்டுகளில் முள்ளுக்காடாகி, மழைக்காலப் புல்லை மூடிவிடுகிறது. வெளிமானுக்குத் திறந்தவெளி வேண்டும். எதிரியைத் தூரத்திலேயே பார்த்து ஓடித் தப்பும் விலங்கு அது. புதர் அடைத்தால் சாப்பாடும் போகும், பாதுகாப்பும் போகும்.

ஒரு பருவத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இதுதான் ஆபத்து. கோடையில் மட்டும் பார்த்தவர் மரத்தைக் காப்பாற்றச் சொல்வார். மழைக்காலத்தில் மட்டும் பார்த்தவர் ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டச் சொல்வார். ஆண்டு முழுக்கப் பார்த்தவர்தான், மரத்தைப் படிப்படியாக அகற்றுங்கள், கூடவே புல்லையும் கோடைக்குத் தழை தரும் நாட்டுச் செடிகளையும் மீட்டுக் கொடுங்கள் என்று சொல்ல முடியும்.

கோடியக்கரையில் இன்னொரு போட்டியும் உண்டு. மனிதர் கொண்டுவந்து பிறகு காட்டுக்குதிரைகளாகத் திரியும் குதிரைகள். வெளிமானும் குதிரையும் இடத்துக்கும் உணவுக்கும் எந்த அளவு மோதுகின்றன என்பதையே அளந்து 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. இருக்கிற புல்வெளியில் பங்காளிகள் கூடினால், மழை பொய்த்த ஆண்டில் யாருக்கு மிஞ்சும்?

அரசு வரைபடங்களில் புல்வெளிகள் பலவும் ‘தரிசு நிலம்’ என்ற பட்டியலில்தான் இருக்கின்றன. பங்குனியில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். வெடித்த மண், பழுப்பு நிறத் துரும்பு. ‘சும்மா கிடக்கிறதே, மரம் நடலாம்’ என்று நல்ல மனசோடு கிளம்புகிறோம். அடுத்த முறை அப்படி ஓர் இடத்தைப் பார்த்தால், கன்றை நடுவதற்கு முன் ஒரு மழை பெய்யும்வரை பொறுத்திருங்கள். அங்கே என்ன முளைக்கிறது, எது வந்து மேய்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம்.