கண்ணில்லாத பிள்ளையிடம் ஆதாரம் கேட்கிறார்கள்

ஃபுளோரிடாவில் 1990-ல் ஒரு பையன் கண்கள் வளராமலே பிறந்தான். கர்ப்பமாக இருந்தபோது, நடந்து போன வழியில் ஒரு பண்ணையில் அடித்த பெனோமில் என்ற பூஞ்சைக்கொல்லி தன்மேல் பட்டு நனைந்ததாகச் சொன்னார் அம்மா. தயாரித்த டுபாண்ட் கம்பெனி மறுத்தது.

இந்தக் குறைக்கு வேறு காரணங்களும் உண்டுதான். மரபணுப் பிறழ்வு, கர்ப்பத்தில் வரும் ரூபெல்லா... மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் பெனோமிலைக் குற்றவாளி என்று உறுதி செய்யவும் இல்லை. சரி. ஆனால் சினை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது குட்டிகள் சிறுத்த கண்களோடு பிறந்தனவே! அதற்குப் பிறகும் சந்தேகத்தின் பலன் மருந்து டப்பாவுக்கா, வயிற்றுப் பிள்ளைக்கா? (டப்பாவுக்கு நல்ல வக்கீல் இருந்தார் என்பது வேறு விஷயம்.)

1996-ல் மயாமி ஜூரிகள் 40 லட்சம் டாலர் நஷ்டஈடு தரச் சொன்னார்கள். மேல்முறையீட்டில் அது ரத்தானது. ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் 2003-ல் திரும்ப நிலைநாட்டியபோது பையனுக்கு 13 வயது. கம்பெனியோ 2001-லேயே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. மருந்து கெடுதல் என்று அல்ல, வழக்குச் செலவு கட்டுப்படியாகவில்லையாம்!

இந்தியா பெனோமிலைத் தடை செய்தது 2018-ல். நடுவில் போன 17 வருடத்துக்கு இங்கே யார் கணக்கு வைத்தார்கள்?