சாய்வு மிதிவண்டி

ஊரார் செல்லும் வழியே தானும் செல்லுதல் நன்று என்பது பெரியோர் பலகாலும் நமக்குக் கூறிவரும் அறிவுரை. அது பெரும்பாலும் மெய்யே. ஆயினும், ஊரார் செல்லும் வழியிற் செல்ல இயலாத ஒருவன் என் செய்வது? வீட்டிலேயே இருந்துவிடுதல் வேண்டுமா? அன்றித் தனக்கியன்ற வேறொரு வழியைத் தேடிக்கொள்ளுதல் வேண்டுமா? இவ்வினா இவ்வாண்டு ஒரு மிதிவண்டியின் உருவில் எம்முன் வந்து நின்றது. அதனால் யாம் கற்றவற்றையும் கொண்ட கருத்தையும் நண்பர்கள்முன் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் வகுப்பு நண்பர் ஒருவர், திண்டுக்கல்லிலிருந்து மேற்கே பழனி செல்லும் சாலையில், ரெட்டியார்சத்திரத்தை அடுத்த ஒரு சிற்றூரினர். பள்ளியிற் பயிலும் நாளில் தென்னை மரத்தினின்று வீழ்ந்து முதுகில் ஊறுபட்டவர். நடப்பார், ஆயினும் நெடுநேரம் நிற்றலும், முன்குனிந்து அமர்தலும் அவர்க்குப் பெருந்துன்பம். பதினோராம் வகுப்பில் அரசினர் அளித்த விலையில்லா மிதிவண்டியில் ஒருமுறை ஏறியவர், அரை மைல் செல்லுமுன் இறங்கிவிட்டார். இன்று அஃது அவர் தங்கையின் ஊர்தி. காலைப் பேருந்தில் இருக்கை கிடைத்தல் அரிது. நெரிசலில் நின்றபடியே வந்த நாட்களில், முதலிரண்டு பாடவேளைகளும் அவர்க்கு வலியைப் பொறுத்திருக்கும் வேளைகளாகவே கழியும். விடுதியிற் சேரலாகாதோ எனின், தந்தையை இழந்த அவ்வீட்டில் மாலைதோறும் இரண்டு எருமைகளைப் பார்க்கவேண்டியவர் அவரே. இரண்டாம் ஆண்டின் நடுவில் ஒருநாள், “படிப்பை நிறுத்திவிடலாமென்று இருக்கிறேன்” என்று அவர் கூறியபோது, எமக்கு விடை கூற நாவெழவில்லை.

அவ்வமயத்திலேயே சாய்வு மிதிவண்டியைப் பற்றி அறிந்தோம். ஆங்கிலத்தார் இதனை ரெக்கம்பெண்ட் என வழங்குவர். சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல முதுகைச் சாய்த்து அமர்ந்து, கால்களை முன்னே நீட்டி மிதித்துச் செல்லுதல் இதன் இயல்பு. உடலின் பாரம் சிறியதோர் ஆசனத்தின்மேலும் மணிக்கட்டுகளின்மேலும் இறங்காது, முதுகெங்கும் இடுப்பெங்கும் பரவித் தங்கும். எனினும், சாய்ந்திருத்தல் எல்லா முதுகுநோய்க்கும் மருந்தாகாது. ஆதலின் முதலில் நண்பரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். சாய்வின் அளவைச் சிறிது சிறிதாக மாற்றிப் பழகினால் தீங்கில்லை என்று அவர் உரைத்த பின்னரே வண்டியைத் தேடப் புகுந்தோம்.

இவ்வண்டியின் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது. பிரான்சு நாட்டில் சார்லஸ் மோஷே என்பார் மிதித்துச் செல்லும் சிறு வண்டிகளைச் செய்து வந்தார். அவர் அமைத்த இருசக்கரச் சாய்வு வண்டியில், பிரான்சிஸ் பௌர் என்னும் வீரர் 1933 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7 ஆம் நாள், பாரிசு நகரில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் தூரம் ஓட்டினார். 1914 இல் ஆஸ்கர் எக் நாட்டியிருந்த 44.247 கிலோமீட்டர் என்னும் எல்லையை, முதல்வரிசை வீரர் என எண்ணப்படாத ஒருவர் கடந்துவிட்டார்! இதுகண்டு பாராட்டினாரோ எனின், இல்லை. அனைத்துலக மிதிவண்டிச் சங்கத்தார் 1934 இல் மிதிவண்டி என்பது இன்ன வடிவினது என ஓர் இலக்கணம் வகுத்து, சாய்வு வண்டியைப் பந்தயங்களினின்று விலக்கினர். பௌர் காற்றைக் கிழிக்கும் உறையிட்ட வண்டியில் 1939 இல் ஒரு மணி நேரத்தில் 50 கிலோமீட்டரையும் கடந்தார். 2016 இல், அமெரிக்க நாட்டு நெவாடாவில், டாட் ரைக்கர்ட் என்பவர் தம் காலின் வலி ஒன்றையே கொண்டு மணிக்கு 144 கிலோமீட்டர் விரைவை எட்டியதும் உறையிட்ட சாய்வு வண்டியிலேதான். எனினும், விலக்கப்பட்டது விலக்கப்பட்டதாகவே பலர் மனத்தில் நின்றுவிட்டது. பந்தயத்திற்கென எழுந்த விதி ஒன்று, பந்தயத்தையே அறியாத ஏழை மாணவனுக்கும் இவ்வண்டியை எட்டாப் பொருளாக்கிவிட்டது என்றால் அது மிகையாகாது.

நிற்க. நம் சமவெளிக்கு இவ்வண்டி ஏற்குமா என்பது அடுத்த வினா. ஆடித் திங்களில் மேற்கேயிருந்து வீசும் காற்றின் வலிமையை ஒட்டன்சத்திரச் சாலையில் மிதிவண்டி ஓட்டியோர் அறிவர். நம் நண்பர் காலையில் கிழக்கு நோக்கி வருங்கால் அக்காற்று தோழனாய்ப் பின்நின்று தள்ளும். மாலையில் வீடு திரும்புங்கால் பகைவனாய் நெஞ்சில் மோதும். சமதரையில் மிதிப்பவனின் உழைப்பிற் பெரும்பங்கைக் கவர்வது காற்றே. சாய்ந்திருப்பவன் காற்றுக்குக் காட்டும் உடற்பரப்புக் குறைவாதலின், அவன் உழைப்பும் குறையும். மேட்டிலோ நிலைமை வேறு. மற்றையோர்போல எழுந்துநின்று மிதித்தல் இதில் இயலாது. பல்லிணையைத் தாழ்த்திப் பொறுமையாகவே ஏறவேண்டும். ஆதலின் சிறுமலைக்கு ஏற விழைவோர்க்கு இதனைப் பரிந்துரையோம். பழனிச் சாலையின் சமவெளிக்குத் தயங்காது பரிந்துரைப்போம்.

இனி, வாங்குமுறை. நம் ஊர்க் கடைகளில் இது கிடைக்கவில்லை. இறுதியிற் கோயம்புத்தூர் அன்பர் ஒருவர் தாம் பயன்படுத்திய வண்டியை விற்க முன்வந்தார். எண்மர் கைப்பொருள் சேர்த்தோம். நண்பரும் ஒரு பங்கைத் தாமே கொடுத்தாலன்றி ஏலேன் என்றார். வாங்குமுன் நால்வகை ஆராய்ச்சி வேண்டும் என்பது எம் துணிபு.

முதலாவது, வடிவம். முன்சக்கரம் மிதிகளுக்கும் முன்னே நிற்கும் நெடிய வண்டி புதியோர்க்கு எளிது. மிதிகள் முன்சக்கரத்திற்கும் முன்னே நீண்டு நிற்கும் குறுகிய வண்டி பழகியோர்க்கு உரியது. முச்சக்கர வகை சாயாதெனினும், பெரும்பாலும் தரையை ஒட்டியது. பேருந்து ஓட்டுநர் கண்ணில் எளிதிற் படாது. நாற்காலியின் உயரத்தில் ஆசனம் அமைந்த நெடிய இருசக்கர வண்டியையே யாம் தேர்ந்தோம். விரைவு சற்றுக் குறையினும், ஓட்டுபவன் முகம் பிறர்க்குப் புலனாகும்.

இரண்டாவது, காலளவு. ஆசனத்தில் நன்கு சாய்ந்து, குதிகாலை மிதியின்மேல் வைத்தால் முழங்கால் நேராக நீளவேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் அது சிறிதே மடங்கி நிற்கும். மிதி அருகில் இருந்தால் முழங்கால் நோகும். தொலைவில் இருந்தால் இடுப்பு நோகும்.

மூன்றாவது, சக்கரம். முன்சக்கரம் 20 அங்குலம் என்பர். அப்பெயரிலேயே 406 மில்லிமீட்டர் என்றும் 451 மில்லிமீட்டர் என்றும் இருவேறு அளவுகள் உண்டு. ஒன்றன் டயர் மற்றொன்றிற் பொருந்தாது. நம் கடைவீதியில் டயரும் டியூபும் கிடைக்கும் அளவா என்று அறியாது வாங்கினவன், முதல் முள்ளிலேயே வருந்துவான்.

நான்காவது, சங்கிலி. இது சாதாரணச் சங்கிலியைப்போல் இரு மடங்குக்கும் மேலான நீளமுடையது. தேய்ந்திருப்பின் இரண்டு மூன்று சங்கிலிகளை இணைத்தே புதிதாக்க வேண்டும். அச்செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்தல் அறிவுடைமை.

வண்டி வந்தபின் எழுந்தது அணிகலன் பற்றிய வழக்கு. எம்மில் ஒருசாரார் விரைவு காட்டும் கருவி வேண்டும் என்றனர்; ஒருசாரார் பாட்டுப் பாடும் ஊதி வேண்டும் என்றனர். உயிரைக் காப்பன முதலில், வண்டியைக் காப்பன பின்னர், கண்ணுக்கு இனியன காசு மிஞ்சினால் என்று ஒருவாறு முடிவு செய்தோம். இம்முறை எல்லா மிதிவண்டிக்கும் பொருந்தும் என்பது எம் கருத்து.

உயிர்காப்பனவற்றுள் தலையாயது கொடி. ஆறடி உயரமுள்ள வளையும் கோலொன்றை ஆசனத்தின் பின்னே நிறுத்தி, அதன் நுனியிற் செந்நிறத் துணி கட்டினோம். அடுத்தது கண்ணாடி. சாய்ந்திருப்பவன் கழுத்தைத் திருப்பிப் பின்னே நோக்குதல் அரிதாதலின், வலக்கைப் பக்கத்துக் கண்ணாடி இன்றி நெடுஞ்சாலையில் இறங்குதல் அறிவீனம். முன்னே வெள்விளக்கு, பின்னே செவ்விளக்கு, சக்கரங்களில் ஒளி திருப்பும் வில்லை, உரத்த ஓசையுடைய மணி ஆகியவையும் தலைக்கவசமும் இவ்வினத்தன. வெயிலையும் மறத்தலாகாது. வானை நோக்கிய முகத்தினன் இவ்வண்டியோட்டி. நம் நண்பர்க்கோ காலையிற் கிழக்கும் மாலையில் மேற்கும் செலவாதலின், இருவேளையும் ஞாயிறு முகத்துக்கு நேரே நிற்கும். அகன்ற முன்மறைப்புடைய தொப்பி ஒன்று தலைக்கவசத்தின் கீழ் அவர்க்கு இன்றியமையாததாயிற்று.

வண்டியைக் காப்பனவற்றுட் காற்றடிக்கும் குழாயும், மாற்று டியூபும், சங்கிலியின் உதிரிக் கண்ணிகளும் எப்போதும் உடனிருத்தல் வேண்டும். சாலையோரமெங்கும் சீமைக் கருவேலம் முள்ளை உதிர்த்து வைத்திருக்கும் நாட்டில், இவற்றை மறந்தவன் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு சேர்வான். வேட்டி சிக்காதபடி சங்கிலிக்குக் குழாயுறை இட்டோம். புத்தகப் பையை முதுகில் மாட்டாது ஆசனத்தின் பின்னே தொங்கவிட்டோம். பூட்டுக்கோ யாம் எங்கும் அலையவில்லை. 2019 இற் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு இருக்க, வேறு நாடுவானேன்? கனத்த மாங்காய்ப் பூட்டு ஒன்றும், மூன்று முழச் சங்கிலியும் வாங்கினோம்.

கண்ணுக்கு இனியனவற்றிற்குக் காசு மிஞ்சவில்லை. ஆயினும் நண்பரின் தங்கை, தன் வண்டியின் கைப்பிடிக் குஞ்சங்களுள் ஒன்றை அவிழ்த்து அண்ணன் வண்டியிற் கட்டிவிட்டாள். விதி வகுத்த எம்மில் ஒருவர்க்கும் அதனை அவிழ்க்க மனம் வரவில்லை.

இனி, நகைப்பைப் பற்றிச் சில சொற்கள். கல்லூரித் திடலில் நண்பர் பழகிய முதல் வாரத்தில், “கட்டிலில் படுத்தே கல்லூரிக்கு வருகிறார்” என்று நகைத்தவர் சிலர். நகைத்தோர்மேல் எமக்குச் சினமில்லை. புதியது கண்டால் நகைத்தல் மாந்தர் இயல்பு. புதுக்கோட்டை மாவட்டத்தில், 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்குவிக்க, சிற்றூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி பழகினர். அன்று அவர்களை எள்ளி நகைத்தோரும் ஏசினோரும் உண்டு. இன்று நம் தெருவிற் பெண்ணொருத்தி மிதிவண்டியிற் செல்வதைத் திரும்பிப் பார்ப்பாரும் இல்லை. வண்டி மாறிற்றா? இல்லை, கண்கள் பழகின. கால் இழந்தோர் கையாற் சுழற்றிச் செல்லும் முச்சக்கர வண்டியை நாம் நாள்தோறும் காண்கிறோம். அதனைக் கண்டு நகைப்பாரில்லை. உடலுக்கு ஏற்ப வண்டி அமைதல் முறையே என்று அங்கே ஒப்புக்கொண்ட நாம், ஈண்டும் ஒப்புக்கொள்ளத் தடை யாது?

குறைகளை மறைத்துப் பேசுதல் எம் நோக்கமன்று. இவ்வண்டி நீண்டது, நெரிசலிற் சட்டெனத் திருப்ப இயலாது. பள்ளம் கண்டால் ஆசனத்தினின்று எழ இயலாதாதலின் அதிர்ச்சி முழுதும் உடலையே சேரும். புதிய தசைகள் பழகச் சில வாரங்கள் ஆகும். நண்பர் இருமுறை வீழ்ந்தார்; உயரம் குறைவாதலின் முழங்கையிற் சிராய்ப்போடு போயிற்று. காற்றும் மழையும் மிகுந்த நாட்களில் இன்றும் அவர் பேருந்திலேயே வருகிறார். எனினும் வாரத்தில் நான்கு நாட்கள், எவர் தயவும் இன்றி, தம் காலின் வலிமையால் வருகிறார். முதற் பாடவேளையில் அவர் வினாக்கள் கேட்பதை ஆசிரியர்களே கூறி மகிழ்கின்றனர். படிப்பை நிறுத்தும் பேச்சு அதன்பின் எழவில்லை.

ஆதலின் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். ஒன்று கல்லூரித் தலைவர்க்கு. மோட்டார் வண்டிகள் நிறைந்த கொட்டகையில் இந்நெடிய வண்டிக்கு இடமில்லை. வேப்பமரத்தடியிற் சங்கிலி பிணைக்க ஓர் இரும்புத் தூண் நாட்டித் தருதல் வேண்டும். மற்றொன்று பள்ளிகளை நடத்துவோர்க்கு. இலட்சக்கணக்கான சிறார்க்கு ஒரே வடிவில் மிதிவண்டி வழங்குதல் அரியதோர் அறமே, அதனைக் குறைகூறோம். ஆயின், வழங்கும் நாளில் ஒவ்வொரு மாணவனையும், “இவ்வண்டி உன் உடலுக்குப் பொருந்துகிறதா?” என்று ஒரு வினா வினவுதல் வேண்டும். பொருந்தாதென்போர் மிகச் சிலரே ஆவர். அச்சிலர்க்கு வேறு வண்டி தேடித் தருதல் பெரும்பாரமாகாது. எம் நண்பரை அன்று எவரேனும் அவ்வாறு வினவியிருப்பின், நான்கு ஆண்டுகள் பேருந்தில் நின்று வருந்தியிரார்.

வண்டிக்கு ஏற்ப மனிதனை வளைத்தல் எளிது. ஆயின் முதுகு ஒடியும். மனிதனுக்கு ஏற்ப வண்டியை வளைத்தல் அரிது. ஆயின் அதற்கு வேண்டுவது எண்மர் கைப்பொருளும், ஒரு மாங்காய்ப் பூட்டும், சில வாரப் பொறுமையுமே என்பதை யாம் கண்டறிந்தோம். நண்பர்காள்! நாளை காலைச் சாலையிற் செந்நிறக் கொடியொன்று அசைந்து வரக் காண்பீராயின், நகையற்க, சற்றே வழிவிடுக.