சரவாங்கி: மருந்து இருக்கிறது, காலம்தான் தவறிப்போகிறது

நம் ஏலாக்குறிச்சிப் பக்கம் அறுபது வயதைத் தாண்டிய நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் மூட்டு வலியில்தான் வந்து நிற்கும். ஒருவர் முடக்கத்தான் தோசை என்பார், ஒருவர் தைலம் என்பார், இன்னொருவர் மெடிக்கலில் வாங்கிய மாத்திரையின் பெயரைச் சொல்வார். ஆளுக்கொரு வைத்தியம் சொல்வதில் தப்பில்லை. எல்லா மூட்டு வலியையும் ஒன்றாகவே நினைக்கிறோமே, அதுதான் தப்பு.

நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது மூட்டுத் தேய்மானம். வயதாவதால் வருவது. நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். சரவாங்கி என்றும் முடக்கு வாதம் என்றும் சொல்கிறோமே, அது வேறு நோய். கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல் சக்தியே திசை மாறி, மூட்டின் உள் சவ்வைத் தாக்குகிறது. முப்பது, நாற்பது வயதிலேயே வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். வேலை செய்தால் வலி கூடுவது தேய்மானம். இரவெல்லாம் ஓய்வெடுத்து எழுந்த பிறகுதான் கை விறைத்துக்கொள்ளும் என்றால், அது சரவாங்கியாக இருக்கலாம்.

என் அத்தாச்சி ஒருவர் நாற்பது வயதில் நாற்றுமுடி பிடிக்க முடியாமல் தவித்தார். இரண்டு கை விரல்களின் கணுக்களும் வீங்கியிருந்தன. "சேத்துல நிக்கிறவங்களுக்கு இது சகஜம்தான் தம்பி" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். எங்கேயோ ஒருவர் பெயரில்லாத பொட்டலத்தில் ஒரு பொடி கொடுத்தார். சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி பறந்துவிட்டது. இரண்டு வருடத்தில் முகம் உப்பி, சர்க்கரையும் வந்து சேர்ந்தது. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று பிறகு பார்த்த டாக்டர் சொன்னார். அதற்குள் விரல்கள் கோணிவிட்டன. கோணிய விரலை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது.

ஸ்டீராய்டையே குறை சொல்ல முடியாது. 1948-இல் அமெரிக்காவில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர் கார்டிசோன் ஊசி போட்டதும், படுத்த படுக்கையாக இருந்த முடக்கு வாத நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். அதற்காக 1950-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் எலும்பையும் கண்ணையும் சர்க்கரையையும் கெடுக்கும் என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. இன்று டாக்டர்கள் அதைக் குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்கே கொடுக்கிறார்கள்.

இந்த நோய்க்கு இன்றைக்கும் முதன்மையான மருந்து மெத்தோட்ரெக்சேட். அதன் பின்னால் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர் இருக்கிறார். எல்லாப்ரகடா சுப்பாராவ், 1895 ஜனவரி 12-இல் பீமவரத்தில் பிறந்தவர். கதர் உடுத்தியதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். 1923-இல் அமெரிக்கா போனார். லெடர்லி ஆய்வகத்தில் அவருடைய குழு போலிக் அமிலத்தையும், அதற்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளையும் உருவாக்கியது. அந்த வரிசையில் வந்ததுதான் மெத்தோட்ரெக்சேட். முதலில் ரத்தப் புற்றுநோய்க்குத்தான் பயன்பட்டது. முடக்கு வாதத்துக்கு அமெரிக்க அரசின் முறையான அனுமதி கிடைத்தது 1988-இல். சுப்பாராவ் 1948-லேயே காலமாகிவிட்டார்.

மருந்து விலை அதிகமில்லை. ஆனால் ஒன்றை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். முடக்கு வாதத்துக்கு இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினசரி மாத்திரை என்று நினைத்துத் தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். பெரியவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள், கிழமையை அட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள். கூடவே போலிக் அமில மாத்திரை தருவார்கள். கல்லீரல், ரத்தப் பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது. மது கூடவே கூடாது.

கண்டுபிடிக்கும் முறையும் வளர்ந்திருக்கிறது. முன்பு ஆர்.ஏ. பேக்டர் என்ற ஒரே பரிசோதனைதான். நோய் இருந்தும் சிலருக்கு அது நெகட்டிவ் என்று வரும். நோயே இல்லாத வயதானவர்கள் சிலருக்குப் பாசிட்டிவ் என்று வரும். லேப் சீட்டை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். இப்போது ஆன்ட்டி சி.சி.பி. பரிசோதனை இன்னும் துல்லியமாகச் சொல்கிறது. 2010-இல் உலக அளவில் வகுத்த விதிகளின்படி, விரல் கோணும் முன்பே, எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு தெரியும் முன்பே நோயை உறுதி செய்து சிகிச்சையைத் தொடங்கலாம்.

மாத்திரைக்கு அடங்காத நோய்க்கு 1990-களின் கடைசியிலிருந்து உயிரியல் ஊசிகள் வந்திருக்கின்றன. நம் நாட்டிலேயே தயாராவதால் விலை ஓரளவு இறங்கியிருக்கிறது. இருந்தாலும் கூலி வேலைக்காரர் கைக்கு இன்னும் எட்டவில்லை. காசநோய் பரவலாக உள்ள நாடு நம் நாடு. உடம்பில் உறங்கும் காசநோயை இந்த ஊசி எழுப்பிவிடும் என்பதால், முன்கூட்டியே அதற்கான பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு முன்னேறியும் நம் ஊர்ப் பெண்களுக்கு விரல்கள் ஏன் கோணுகின்றன? வலி தொடங்கிய முதல் சில மாதங்கள்தான் பொன்னான காலம். அந்தக் காலம் தைலத்திலும் வலி மாத்திரையிலும், ஒரு வேளை சிக்குன்குனியாவாக இருக்குமோ என்ற சந்தேகத்திலும் கரைந்துவிடுகிறது. 2006-க்குப் பிறகு எந்த மூட்டு வலியையும் அந்தக் கணக்கில் எழுதுவது நமக்குப் பழகிவிட்டது.

என் கருத்தைச் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். வருகிறவர்கள் மூன்றே மூன்று கேள்விகள் கூடுதலாகக் கேட்டால் போதும். காலையில் கை விறைப்பு விட அரை மணிக்கு மேல் ஆகிறதா? மூட்டுகள் வீங்கியிருக்கின்றனவா? கை குலுக்குவதுபோல் விரல் கணுக்களைச் சேர்த்து அழுத்தினால் வலிக்கிறதா? ஆம் என்றால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு இயந்திரம் வேண்டாம், பணம் வேண்டாம்.

அடுத்தது, ஒவ்வொரு மாவட்ட மருத்துவக் கல்லூரியிலும் வாரம் ஒரு நாளாவது முடக்கு வாதத்துக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவு நடக்க வேண்டும். எந்தக் கிழமை என்பது ஊர் ஊராகத் தெரிய வேண்டும். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரி 12. சுப்பாராவ் பிறந்த அதே தேதி. அவருடைய மாத்திரை கொள்ளிடக் கரைப் பெண்களுக்குக் காலத்தில் கிடைக்க அந்தக் கல்லூரி வழி செய்தால், அந்தப் பொருத்தத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

அதுவரை நம்மால் ஆனது ஒன்று உண்டு. வீட்டில் மகளோ மருமகளோ காலையில் காபி டம்ளரைப் பிடிக்கத் தடுமாறினால், "வேலை அதிகம், அதான்" என்று சொல்லி விடாதீர்கள். ஆறு வாரம் தாண்டியும் வீக்கம் வடியவில்லை என்றால் அந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.