ஆளில்லாக் காடு அல்ல அது

“காடாய்க் கிடந்ததை நாடாக்கியவர்கள் நம் முன்னோர்.” ஈப்போ மேடைகளிலும் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களிலும் இதைக் கேட்காமல் நம்மில் யாரும் வளரவில்லை. மலேரியாவில் மடிந்து கித்தா மரம் வளர்த்தவர்களின் உழைப்பு உண்மை. அங்கே வெறும் காடுதான் இருந்தது என்பது பொய். அந்தப் பொய்யை நாம் கைவிட்டே ஆக வேண்டும்.

1877இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ கித்தாக் கன்றுகளை நட்டபோது, பிளஸ் ஆற்றின் தலைப்பகுதியில் பூர்வகுடிகளான தெமியார் மக்களும் கோப்பேங், தாப்பா மலைகளில் செமாய் மக்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களை நம் லயங்களில் ‘சக்காய்’ என்றோம். அடிமை என்ற பொருளில் பிறர் சூட்டிய வசைச்சொல் அது. தலைவாராமல் வந்த பிள்ளையைத் திட்டவும் அதையே எடுத்தோம்.

“நிலையாக ஓரிடத்தில் இராதவர்கள், காட்டைக் கொளுத்துகிறவர்கள்” என்பார்கள். உண்மையில் அம்மக்கள் மலைச்சரிவில் சிறு துண்டைத் திருத்தி மலைநெல்லும் மரவள்ளியும் போடுவார்கள். பிறகு அதைக் காடாக வளரவிட்டு, ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருவார்கள். இடையில் அந்த நிலம் அனாதையல்ல. அங்கே நிற்கும் டுரியான் எந்தப் பாட்டன் நட்டது என்று பேரனுக்குத் தெரியும். தெமியாருக்கு மலையும் மரமும் ஆறும் கனவில் வந்து பாட்டுக் கொடுக்கும். ஊர் கூடிப் பாடும் அந்தப் பாட்டில் இடங்களின் பெயரும் வழியும் இருக்கும்.

கோப்பேங் அருகே உலு கெரோவுக்குப் போய்ப் பாருங்கள். கொடிவேரில் முட்டைக்கோசு போல உருண்டிருக்கும் மொட்டருகே செமாய் வழிகாட்டி நம்மை நிறுத்துவார். ரஃப்ளீசியா. மலரப் பல மாதம் ஆகும். மலர்ந்தால் ஒரு வாரம்கூட நிற்காது. ஒருகாலத்தில் அம்மொட்டைப் பறித்து மருந்துக்கு விற்றார்கள். ராஜா புரூக் பட்டாம்பூச்சியையும் பிடித்து விற்றார்கள். 2000களின் தொடக்கத்தில் மலேசிய இயற்கைக் கழகத்தின் துணையோடு, ஊராரே அவற்றின் காவலர்களானார்கள். காட்டைக் காக்க அவர்களை வெளியேற்ற வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

ஆனால் 1954ஆம் ஆண்டின் பூர்வகுடிச் சட்டம், அரசு விரும்பும்வரை குடியிருப்பவர் என்ற நிலையைத்தான் அவர்களுக்குத் தந்தது. மரபு நிலத்தின்மீதே தெமுவான் பூர்வகுடி மக்களுக்கு உரிமை உண்டு என்று 2002இல் சாகோங் தாசி வழக்கில் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும், 2019இல், கிரிக் பகுதித் தெமியார் மக்கள் வெட்டுமர லாரிகளை மறிக்கத் தடுப்புக் கட்ட வேண்டியிருந்தது.

இந்த வலி நமக்குப் புதிதா? தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் தெருவுக்கு வந்த காலத்தில்தான், 1960இல், சுங்கை சிப்புட்டின் சம்பந்தன் தொழிலாளர் காசைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இன்றும் தோட்டம் கைமாறி, மரத்தடி முனீஸ்வரனை அகற்றச் சொல்லி நோட்டீஸ் வந்தால், நம் கையில் பட்டா இருப்பதில்லை. எத்தனை தலைமுறை அங்கே விளக்கேற்றியது என்ற கதைதான் இருக்கிறது. டுரியான் மரத்தடியில் நின்று தெமியார் சொல்வதும் அதே கதைதான். அவர்கள் கதை செல்லாது என்றால் நம் கதையும் செல்லாது.

அடுத்த திருவிழா மேடையில் முன்னோர் திருத்திய காட்டைப் பற்றிப் பேசுங்கள். அது யாருடைய காடு என்பதையும் பெயர் சொல்லிப் பேசுங்கள்.