ஆல்டி நம்ம பக்கம் வருமா?

ஜெர்மனியில் படிக்கிற பிள்ளையானாலும் சரி, லண்டனில் வேலை பார்க்கிற மருமகனானாலும் சரி, லீவுக்கு ஊருக்கு வந்தால் ஒரு நாளாவது மளிகைக்கடைப் பேச்சு வந்துவிடுகிறது. “அங்கே ஆல்டி, லிடில்னு கடைங்க இருக்கு அத்தை. பாலு, ரொட்டி, எண்ணெய் எல்லாமே மத்த கடையைவிடச் சல்லிசு. நம்ம நாட்டுக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குறாங்க?”

நயினார்கோவில், பரமக்குடி வட்டாரத்தில் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஆள் அனுப்பிப் பழக்கம். ஐரோப்பா இப்போதுதான். அதனால் இந்தக் கேள்வியும் புதுசு. பதில் சொல்ல வேண்டுமென்றால், அந்தக் கடை எப்படிச் சல்லிசாக விற்கிறது என்பதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

1913-ல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் அன்னா ஆல்பிரெக்ட் என்ற பெண்மணி நடத்திய சின்ன மளிகைக்கடைதான் ஆல்டியின் மூலம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மகன்கள் கார்ல், தியோ இருவரும் கடையைக் கையில் எடுத்தார்கள். ஆல்பிரெக்ட் என்ற குடும்பப் பெயரும் டிஸ்கவுண்ட் என்ற சொல்லும் சுருங்கி ‘ஆல்டி’ ஆனது. 1960 வாக்கில், கடையில் சிகரெட் விற்பதா வேண்டாமா என்று அண்ணன் தம்பிக்குள் தகராறு. வடக்கு ஒருவருக்கு, தெற்கு ஒருவருக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை!

அவர்கள் செய்ததில் மந்திரம் ஒன்றும் இல்லை. பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பல்லாயிரம் வகைச் சரக்கு இருக்கும். ஆல்டியில் சுமார் 2,000தான். பத்து கம்பெனி ஜாம் கிடையாது. ஒன்றோ இரண்டோ, அதுவும் பெரும்பாலும் கடையின் சொந்தப் பெயரில். விளம்பரக் கம்பெனிக்குப் போகும் காசு மிச்சம். ஒரே சரக்கை மொத்தமாக வாங்குவதால் கொள்முதல் விலை குறைகிறது. அட்டைப்பெட்டியை வெட்டி அப்படியே அடுக்கிவிடுகிறார்கள். தள்ளுவண்டிக்கு ஒரு நாணயம் போட வேண்டும். வண்டியைத் திரும்ப விட்டால் நாணயம் கிடைக்கும். வண்டி பொறுக்க ஆள் வேண்டாம். இப்படிச் சேர்த்ததுதான் அந்தச் சல்லிசு.

இந்தக் கடைகள் புதிய நாட்டுக்குப் போகாமலும் இல்லை. ஆல்டி 1976-ல் அமெரிக்கா, 2001-ல் ஆஸ்திரேலியா, 2019-ல் சீனாவின் ஷாங்காய் என்று போயிருக்கிறது. ஆனால் போன இடமெல்லாம் வெற்றி என்று சொல்ல முடியாது. லிடில் 2004-ல் நார்வேயில் கடை திறந்து, 2008-ல் அங்கிருந்த உள்ளூர் நிறுவனத்திடம் விற்றுவிட்டுக் கிளம்பியது. உலகத்திலேயே பெரிய கடைக்காரரான வால்மார்ட் 1997-ல் ஜெர்மனிக்குள் நுழைந்து, ஆல்டி, லிடிலோடு விலையில் போட்டி போட முடியாமல் 2006-ல் வெளியேறியது. சல்லிசு விலைக் கடைக்கு ஒன்றிரண்டு கிளை கட்டுப்படியாகாது. ஒரு பெரிய கிடங்கு, அதைச் சுற்றி லாரி எட்டும் தூரத்தில் ஏராளமான கடைகள் என்று இருந்தால்தான் கணக்கு நிற்கும்.

இந்தியாவில் அதற்கு முன்னால் சட்டக் கதவு ஒன்று இருக்கிறது. பல பிராண்டு சரக்குகளை நேரடியாக மக்களிடம் விற்கும் கடையில், வெளிநாட்டு முதலீடு 51 சதவீதம் வரை இருக்கலாம் என்று மத்திய அரசு 2012 செப்டம்பரில் அனுமதித்தது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. குறைந்தது 10 கோடி டாலர் முதலீடு வேண்டும். ஆலைப் பொருள்கள் கொள்முதலில் 30 சதவீதம் இங்கேயுள்ள சிறு தொழில்களிடமிருந்து வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த மாநிலத்தில் கடை வைக்கிறார்களோ அந்த மாநில அரசு சம்மதிக்க வேண்டும். அன்றைய முதல்வர் ஜெயலலிதா இதைக் கடுமையாக எதிர்த்தார். சம்மதித்த மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடு சேரவில்லை. சம்மதித்த டெல்லியும் ராஜஸ்தானும்கூட 2014-ல் பின்வாங்கின.

மொத்த வியாபாரத்துக்கு இந்தத் தடை இல்லை. அந்த வழியில் ஜெர்மனியின் மெட்ரோ 2003-ல் வந்தது. இருபது வருஷம் நடத்திவிட்டு, 2023-ல் இந்தியக் கடைகளை ரிலையன்ஸிடம் 2,850 கோடி ரூபாய்க்கு விற்றது. பிரான்சின் கார்ஃபூர் 2010-ல் டெல்லியில் மொத்த விற்பனைக் கடை திறந்து, 2014-ல் மூடியது. இதையெல்லாம் பார்க்கிற ஆல்டிக்காரர் அவசரப்பட்டு டிக்கெட் எடுக்கமாட்டார்.

ஆனால் கடை வராவிட்டாலும் அதன் வித்தை எப்போதோ வந்துவிட்டது. 1997-ல் சென்னையில் ‘சுபிக்‌ஷா’ தொடங்கியபோது குளிர்சாதனம் இல்லை, அலங்காரம் இல்லை, எம்.ஆர்.பி.யைவிட விலை குறைவு என்பதுதான் பேச்சு. பத்தே வருஷத்தில் நாடு முழுக்க சுமார் 1,600 கடைகள். கடன் வாங்கி வேகமாகக் கிளை விரித்ததில், 2009-ன் தொடக்கத்தில் கையில் ரொக்கம் இல்லாமல் சம்பளத்துக்கும் வாடகைக்கும் திணறி மூடிப்போனது. அதே தொழிலில் 2002-ல் மும்பையில் முதல் கடை திறந்த ‘டிமார்ட்’ மெதுவாகப் போனது. கடைக் கட்டடத்தைப் பெரும்பாலும் சொந்தமாக வைத்துக்கொண்டது. சரக்கு போட்டவருக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து விலையைக் குறைத்து வாங்கியது. இன்று தமிழ்நாட்டிலும் அதற்குக் கிளைகள் உண்டு.

இன்னொரு சல்லிசுக் கடை நம் தெருவிலேயே இருக்கிறது. சரக்கு நாலைந்து வகைதான். பிராண்டு கிடையாது, அலங்காரம் கிடையாது, பை நாம்தான் கொண்டுபோக வேண்டும். மாநிலம் முழுக்க 30,000-க்கும் மேற்பட்ட கிளைகள். ஆமாம், ரேஷன் கடைதான்! அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இங்கே விலைக் குறைவுக்கான பணத்தை அரசு போடுகிறது என்பது பெரிய வித்தியாசம். ஆனாலும் ஆல்டியே வந்தாலும் இந்த விலையைத் தொட முடியாது.

சரி, பட்டணத்துச் சல்லிசுக் கடைக்கும் நம் தெரு அண்ணாச்சி கடை, பாய் கடைக்கும் உள்ள வித்தியாசம் என்ன? அங்கே ரொக்கம், இங்கே நோட்டு. நம் பக்கம் வானம் பார்த்த பூமி. நெல் தை மாதம் வீடு வரும். முண்டு மிளகாய் மாசி, பங்குனியில் காசாகும். அப்புறம் ஆடியிலிருந்து மார்கழி வரை வரும்படி குறைவு, செலவு குறையாது. வெளிநாட்டுப் பணமும் சில மாதம் தாமதமாகும். அந்த மாதங்களில் பருப்பும் புளியும் கொடுத்து, “இருக்கட்டும்க்கா, பணம் வந்ததும் குடுங்க” என்று எழுதிவைக்கிறவர் மளிகையோடு கடனும் சேர்த்துக் கொடுக்கிறார். எந்தச் சங்கிலிக் கடையின் கம்ப்யூட்டருக்கும் உங்கள் வயலில் மழை பெய்யவில்லை என்பது தெரியாது.

அதற்காக நோட்டுக்கு விலை இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு பேச்சுக்கு, மாத மளிகை 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரொக்கக் கடையைவிட நோட்டுக் கடையில் 200 ரூபாய் கூடுதல், ஒரு மாதத்தில் அடைக்கிறோம் என்றால், அது அஞ்சு வட்டி! கையில் பணம் இருக்கிற மாசியிலும் பழக்கத்துக்காக நோட்டிலேயே எழுதச் சொன்னால், தேவையில்லாமல் அஞ்சு வட்டி கட்டுகிறோம். பணமே இல்லாத ஐப்பசியில் அதே நோட்டு கந்துவட்டிக்காரர் வாசலுக்குப் போகாமல் நம்மைக் காப்பாற்றுகிறது. அப்போது அந்த 200 ரூபாய் தகும்.

எனவே மூன்று காரியம் செய்யலாம். பணம் கையில் இருக்கிற மாதத்தில் ரொக்கமாக வாங்குங்கள், அண்ணாச்சியிடமே, “ரொக்கத்துக்கு என்ன விலை?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பரமக்குடிக்கோ மதுரைக்கோ போய் வாங்கினால், மிச்சமாகிற ரூபாயிலிருந்து மூட்டை ஏற்றிவர ஆகும் ஆட்டோ கூலியைக் கழித்துப் பாருங்கள். டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லைதான், ஆனால் இருபது கிலோவைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாதே! அடுத்தது, பாக்கெட் விலையைப் பார்க்காமல் கிலோ விலையைப் பாருங்கள். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதில் பாதி நேரம், தேவைப்படாத ஒன்றுக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

மருமகன் கேட்டால் இப்படிச் சொல்லலாம்: ஆல்டி இப்போதைக்கு வராது, வந்தாலும் முதலில் சென்னை, பெங்களூர் என்றுதான் போகும். நயினார்கோவிலில் இருக்கிற கடை நிலைக்க வேண்டுமென்றால், வாங்கின பாக்கியைச் சொன்ன தேதியில் அடைக்க வேண்டும். கடைக்காரருக்கும் மொத்த வியாபாரி ரொக்கம்தான் கேட்கிறார்.